கிளியை வைத்துக்கொள்ளலாமா, டாக்டர்?

கொல்லிமலையிலிருந்து நம் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் காரவள்ளியில் சமவெளியைத் தொடுவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். மூச்சுத் திணறும் ஒருவரை அந்த வளைவுகள் வழியே இறக்கிக்கொண்டு வருவது எளிதான செயலன்று. சென்ற மார்கழியில் அப்படி வந்து சேர்ந்தவர், செம்மேட்டை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த முதியவர். நெடுங்காலப் பீடிப் பழக்கமும் வீட்டு விறகடுப்பின் புகையும் சேர்ந்து அவருக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோயைத் தந்திருந்தன. குளிரில் அது முற்றிவிட்டது. ஆறு நாள் சிகிச்சைக்குப் பின் அவர் வீடு திரும்பத் தயாரானார்.

அவருடைய மனைவியிடம் மருந்து வேளைகளையும் இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையையும் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுந்து கதவு வரை சென்றவர், மீண்டும் திரும்பி வந்து தயங்கியபடி கேட்டார்.

“ஊட்டுல ஒரு சோடிக் கிளி இருக்குதுங்க டாக்டர். பேரன் வாங்கிக் குடுத்தது. அதை வெச்சுக்கலாமுங்களா?”

உப்பு எவ்வளவு சேர்க்கலாம், தலைக்குக் குளிக்கலாமா, பழைய சோறு ஆகுமா என்பவையெல்லாம் முதலில் வரும் கேள்விகள். வீட்டில் வளரும் உயிரைப் பற்றிய கேள்வி எப்போதும் கடைசியில்தான் வருகிறது. “கூடாது” என்ற விடை வந்துவிடுமோ என்ற அச்சமே அந்தத் தயக்கத்திற்குக் காரணம். அச்சத்தால் கேட்காமலே சென்றுவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவும் அந்த அம்மாவுக்காகவும் எழுதப்பட்டது இக்கட்டுரை. (நோயாளிகளின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளேன்.)

தினைப்புனமும் கூண்டும்

கிளியும் மலையும் தமிழில் பிரியாதவை. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை குறிஞ்சி நிலம். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மீது அமர்ந்து, தட்டையும் குளிரும் கவணும் கொண்டு தினைப்புனத்தில் கிளி ஓட்டிய காட்சி சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. வள்ளியை முருகன் கண்டதும் அத்தகைய புனத்தில்தான். கதிரைக் கொய்து செல்லும் திருடனாகவும் கொஞ்சிப் பேசும் தோழியாகவும் கிளியை ஒருசேரப் பார்த்தவர்கள் நம் முன்னோர். மதுரை மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கைக்கு நாள்தோறும் இலைகளால் புதிய கிளி செய்து சாற்றுகிறார்கள்.

இன்று நம் வீட்டுக் கூண்டுகளில் உள்ள குறும்புக்காரச் சிறு கிளிகளோ அயல்நாட்டிலிருந்து வந்தவை. கடைகளில் “லவ் பேர்ட்ஸ்” என்று நாம் கேட்டு வாங்கும் சிறு பறவையின் உண்மைப் பெயர் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் பெருங்கூட்டமாகப் பறந்து திரியும் இனம் அது. பறவையியலாளர் ஜான் கூல்டு 1840இல் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். இயற்கையில் பச்சையும் மஞ்சளுமாக இருந்த அந்தப் பறவைக்கு, மனிதர் வளர்த்த கூண்டுகளில் நீலமும் வெள்ளையும் பிற நிறங்களும் வந்து சேர்ந்தன. தலையில் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் கொண்ட காக்டெயிலும் ஆஸ்திரேலியப் பறவையே. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. பறவை வளர்ப்போர் அவற்றை “ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்” என்று பிரித்துச் சொல்வர்.

கடல் கடந்து வந்த இந்தச் சிறு கிளிக்கு நாம் இடும் உணவு தினை. கொல்லிமலைச் சரிவுகளில் மரவள்ளி பரவுவதற்கு முன்பு சாமையோடும் கேழ்வரகோடும் விளைந்து நின்ற அதே தினை. புனத்திலிருந்து நாம் விரட்டிய கிளியின் தூரத்து உறவினருக்கு, இன்று நாமே கிண்ணத்தில் தினை இட்டு உபசரிக்கிறோம்.

எந்தக் கிளியை வளர்க்கலாம்?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மரங்களில் வாழும் பச்சைக்கிளியையோ, மலைக்காடுகளில் காணப்படும் செந்தலைக் கிளியையோ பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் குற்றமாகும். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972 அவற்றைக் காக்கிறது. சிறைத் தண்டனைக்கும் அபராதத்திற்கும் அதில் இடமுண்டு. “குஞ்சாகக் கிடைத்தது, எடுத்து வளர்த்தோம்” என்பது விலக்கு ஆகாது. அப்படி ஒரு கிளி உங்களிடம் இருந்தால், தானாகப் பறக்கவிட்டுவிடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் பருந்திடமிருந்து தப்பவும் தெரியாது. வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள்.

சந்தைக்கு வரும் ஒவ்வொரு காட்டுக் கிளிக்கும் பின்னால் பொந்திலிருந்து பறிக்கப்பட்ட குஞ்சுகளும் வழியிலேயே இறந்துபோன குஞ்சுகளும் உண்டு. இறகு வெட்டப்பட்டு, காலில் வளையம் பூட்டப்பட்ட கிளி பேசுவது நமக்கு மகிழ்ச்சியாகத் தோன்றலாம். அந்தக் கிளிக்கு அது மகிழ்ச்சியன்று.

பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு வரும் பட்ஜெரிகரையும் காக்டெயிலையும் வளர்க்கத் தடையில்லை. பஞ்சவர்ணக் கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கோன்யூர் போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் இனங்களுள்ளும் பதிவு தேவைப்படுபவை உண்டு. ஆகவே வாங்கும்போதே உரிய ஆவணங்களைக் கேட்டுப் பெறுங்கள்.

முப்பது கிராம் மகிழ்ச்சி

ஒரு பட்ஜெரிகரின் எடை முப்பது முதல் நாற்பது கிராம். அந்தச் சிறிய உடலுக்குள் இருக்கும் குறும்பு வியப்பூட்டும். ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கும். ஏணியில் அலகைக் கொக்கியாக மாட்டி ஏறும். சிறு மணியை அடித்துவிட்டு, ஒலி வந்த திசையைத் தலை சாய்த்துப் பார்க்கும். கசக்கிய காகித உருண்டை ஒன்றைக் கொடுத்தால் அரை மணி நேரம் அதனோடு மல்லுக்கு நிற்கும். கழுவிய கொத்தமல்லிக் கொத்தை ஈரத்தோடு கூண்டில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன் இலைகளில் உடலைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கும். கிளிகளின் காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் அமைந்திருப்பதால், பொருளை அவை பற்றும் விதம் ஒரு சிறு கையைப் போலவே தோன்றும்.

பேசவும் கற்றுக்கொள்ளும், பெரும்பாலும் ஆண் பறவைகளே பேசும். முதிர்ந்த ஆணின் அலகுக்கு மேலுள்ள தோல் பெரும்பாலும் நீல நிறமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருப்பதைக் கொண்டு வேறுபடுத்தலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்து 1994இல் இறந்த ‘பக்’ என்ற பட்ஜெரிகர் 1,728 சொற்களை அறிந்திருந்தது என்று கின்னஸ் சாதனை நூல் பதிவு செய்துள்ளது. நம் வீட்டுப் பறவை நான்கு சொற்களோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை. காக்டெயில் பேச்சைவிட விசில் ஒலியில் வல்லது. ஒரு மெட்டை நாம் விசிலடித்தால் அது கற்றுக்கொண்டு, நாம் மறந்த வேளையில் திருப்பிப் பாடும். அதன் கொண்டை நிமிர்வதிலும் படிவதிலும் அதன் மனநிலையை நீங்கள் சில வாரங்களில் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

நாட்பட்ட நோயோடு வாழ்கிறவர்களுக்கு இந்த விளையாட்டு ஒரு பொழுதுபோக்கைவிடக் கூடுதலாக ஏதேனும் தருமா? 1970களில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் இதை ஆராய்ந்தார்கள். தனியே வாழ்ந்த முதியோர் சிலருக்கு ஒரு பட்ஜெரிகரையும் வேறு சிலருக்கு ஒரு பெகோனியா பூச்செடியையும் கொடுத்தார்கள். ஐந்து மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, பிறரைப் பற்றிய எண்ணத்திலும் தம் மனநலத்தைப் பற்றிய எண்ணத்திலும் பறவை பெற்றவர்களிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. 1975இல் வெளியான அந்த ஆய்வு மிகச் சிறியது. அதைக் கொண்டு பெரிய முடிவுகளுக்கு வந்துவிட முடியாது. எனினும் அது சொல்வதை நாங்கள் புறநோயாளர் பிரிவில் பலமுறை பார்க்கிறோம். காலையில் எழுந்து கூண்டின் துணியை விலக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், தினை இட வேண்டும். நோயாளியைப் பிறர் கவனித்துக்கொண்டே இருக்கும் வீட்டில், நோயாளி கவனித்துக்கொள்ள ஓர் உயிர் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களும் நோயைப் பற்றியே கேட்டுக்கொண்டிராமல் கிளியைப் பற்றிப் பேசுகிறார்கள். 

நான் கேட்கத் தவறிய கேள்வி

இவ்வளவு சொன்ன பிறகு, என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு சமவெளி ஊர் ஒன்றிலிருந்து ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியை ஒருவர் வந்தார். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், சிறிது சிறிதாக எடை குறைதல். வேறிடத்தில் ஆஸ்துமா என்று எண்ணி ஐந்து மாதங்கள் மருந்து கொடுத்திருந்தார்கள். நானும் மூன்று மாதங்களில் மூன்று முறை அவரைப் பார்த்தேன். புகை உண்டா, அடுப்பு எது, சுண்ணக்கட்டித் தூசு படுகிறதா, குடும்பத்தில் காசநோய் இருந்ததா என்றெல்லாம் கேட்டேன். பறவை உண்டா என்று கேட்கவில்லை.

நான்காம் முறை அவருடன் மகள் வந்தார். பழைய பரிசோதனை முடிவு ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். விரல் பட்டு அடுத்த படம் நகர்ந்தது. அம்மாவின் இரு தோள்களிலும் இரண்டு காக்டெயில்கள் அமர்ந்திருந்தன. அயல்நாட்டில் வேலை கிடைத்துப் போன மகன், அம்மாவின் தனிமைக்குத் துணையாக வாங்கிக் கொடுத்துவிட்டுச் சென்றவை அவை. அவருடைய படுக்கையறையிலேயே வளர்ந்தன.

சி.டி. ஸ்கேனும் பிற சோதனைகளும் ஐயத்தை உறுதி செய்தன. பறவைகளின் இறகிலிருந்து உதிரும் நுண்தூளிலும் எச்சத்திலும் உள்ள புரதங்கள், சிலருடைய உடலின் எதிர்ப்பாற்றலைத் தவறாகத் தூண்டிவிடுகின்றன. அதனால் நுரையீரலின் நுண்ணறைகளில் அழற்சி ஏற்படுகிறது. இதனை ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என்கிறோம். பறவைகளால் வரும்போது “பறவை வளர்ப்போர் நுரையீரல்” என்றும் பெயர் உண்டு. பறவை வளர்க்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. பெருமளவு தூசு ஒரே நேரத்தில் உள்ளே சென்றால், நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். வீட்டில் ஓரிரு பறவைகள் மட்டும் இருக்கும்போது, நாள்தோறும் சிறிதளவு தூசு உள்ளே சென்றுகொண்டிருக்கும். அப்போது நோய் ஓசையின்றி வளரும். “வயதாகிவிட்டது, அதனால் மூச்சு வாங்குகிறது” என்று நோயாளியே எண்ணிக்கொள்வார். கவனியாமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அந்தத் தழும்பை மருந்தால் நீக்க முடியாது.

இது அரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். நுரையீரல் திசு இறுகும் நோய்களைப் பற்றி இந்தியாவின் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு இருந்தது இந்த ஒவ்வாமை அழற்சியே. அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டவற்றுள் பூஞ்சை படிந்த ஏர் கூலர் முதன்மையானது; பறவைகளும் அப்பட்டியலில் இருந்தன.

“பறவைகளை வீட்டை விட்டு அனுப்ப வேண்டும்” என்று அந்த ஆசிரியையிடம் சொன்னபோது அவர் அழுதார். நான் எழுதிய எந்த மருந்துச் சீட்டும் அத்தனை கடினமானதாக இருந்ததில்லை. பறவை சென்ற பிறகும் அதன் தூசு திரைச்சீலையிலும் மெத்தையிலும் பல மாதங்கள் தங்கும் என்பதால், வீடு முழுவதையும் குடும்பத்தார் ஈரத்துணியால் துடைத்தார்கள், மெத்தையை மாற்றினார்கள். மருந்தும் தொடர்ந்தது. இருமல் நின்றது, மூச்சு பெருமளவு தெளிந்தது. முழுவதும் தெளியவில்லை, சிறு பகுதி தழும்பேறிவிட்டது. நோய் தெரியாமல் கழிந்த எட்டு மாதங்களுள் மூன்று மாதங்கள் என் கணக்கில் உள்ளவை. அந்தக் காக்டெயில்கள் உடன் பணியாற்றும் ஒருவர் வீட்டில் நலமாக உள்ளன. அவற்றின் விசிலைப் பதிவு செய்து அவர் இவருக்கு அனுப்புகிறார். 

அன்று முதல் மூச்சுத் தொல்லையோடு வரும் எவரிடமும், “வீட்டில் பறவை உண்டா? பக்கத்து வீட்டில் புறாக்கள் உண்டா?” என்று கேட்காமல் இருப்பதில்லை.

கிளிக் காய்ச்சல்

இன்னொரு நோயையும் அறிந்துகொள்ள வேண்டும். கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியா, கிளிகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றக்கூடும். காய்ந்த எச்சத்தின் தூசை மூச்சில் இழுப்பதே பெரும்பாலும் வழி. சுவிட்சர்லாந்து மருத்துவர் யாக்கோப் ரிட்டர் 1879இல் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். 1929-30இல் தென்னமெரிக்கக் கிளிகளின் வணிகம் வழியாக இது பல நாடுகளுக்குப் பரவி அச்சத்தை விளைவித்தது. அன்று மருந்து இல்லை. இன்று டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளால் நன்கு குணமாகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதும் மிக அரிது.

தொற்றிய ஐந்து முதல் பதினான்கு நாள்களில் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் தோன்றும். புதிதாகப் பறவை வாங்கிய பின்னோ, பறவை நோயுற்ற பின்னோ உங்களுக்கு இவ்வாறு நேர்ந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி சரியான மருந்தை விரைவில் தொடங்க உதவும்.

யார் தவிர்க்க வேண்டும்?

ஒவ்வாமை நுரையீரல் அழற்சி உறுதியானவர்கள் எந்தப் பறவையையும் வளர்க்கக் கூடாது. இறகு நிரப்பிய தலையணையும் அவர்களுக்கு ஆகாது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கான மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள் ஆகியோர் புதிதாகப் பறவை வாங்கும் முன் தம் மருத்துவரைக் கலந்து பேச வேண்டும். ஏற்கெனவே வீட்டில் பறவை இருந்தால், கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை உடல்நலமுள்ள வேறொருவர் ஏற்க வேண்டும். கருவுற்ற பெண்களும் அந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள், பறவை இருக்கும் அறையில் இருமலோ மூச்சிரைப்போ மிகுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஊருக்குப் போய்ச் சில நாள் தங்கும்போது மூச்சு எளிதாகி, வீடு திரும்பியதும் மீண்டும் மோசமாகிறது என்றால், அது முக்கியமான தடயம். உடனே வந்து காட்டுங்கள்.

வளர்க்கத் துணிந்தோருக்கு

வாங்கும்போது சுறுசுறுப்பான, கண் தெளிந்த, மூக்கில் நீர் வடியாத பறவையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே பறவைகள் இருந்தால், புதிய பறவையைச் சில வாரங்கள் தனியறையில் வைத்துக் கவனியுங்கள்.

கிளி கூட்டமாக வாழும் இனம். தனியே விட்டால் சலிப்பில் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். ஆகவே இணையாக வளர்ப்பது நல்லது; ஒன்றை மட்டும் வளர்த்தால் நாள்தோறும் அதனோடு நேரம் செலவிட வேண்டும். கூண்டு உயரத்தைவிட நீளத்தில் பெரியதாக இருக்கட்டும். இரண்டு பட்ஜெரிகர்களுக்கு இரண்டடி நீளமேனும் வேண்டும். துருப்பிடித்த கம்பிக் கூண்டு ஆகாது. உட்காரும் கோல்கள் வெவ்வேறு தடிமனில் மரக்கிளைகளாக இருந்தால் பாதம் புண்ணாகாது. நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர அமைதியான உறக்கம் தேவை. கொல்லிமலை, ஏற்காடு போன்ற குளிர்ந்த ஊர்களில் இரவில் கூண்டின் மூன்று பக்கங்களைத் துணியால் மூடி, காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள்.

தினை மட்டுமே போதாது. விதைகளையே தின்று வளரும் பறவைக்குக் கொழுப்பு மிகும். வைட்டமின் ஏ குறையும். முருங்கைக் கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பச்சைப்பயறு ஆகியவற்றை நன்கு கழுவிக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடைகளில் “கடல் நுரை” என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டுங்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, உப்புப் பண்டங்கள் ஆகியவை பறவைக்கு நஞ்சாகும்.

கூண்டின் அடித்தட்டில் செய்தித்தாளை விரித்து நாள்தோறும் மாற்றுங்கள். எடுக்கும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள். உலர்ந்த எச்சத்தை ஒருபோதும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். முகக்கவசம் அணியுங்கள். முடித்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். அலகோடு வாய் வைத்து முத்தமிடுவதும் நம் தட்டிலிருந்து ஊட்டுவதும் வேண்டாம். கூண்டு படுக்கையறையிலும் சமையலறையிலும் இருக்கக் கூடாது. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள கூடமே தக்க இடம்.

சமையலறை ஏன் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒட்டாத பூச்சுள்ள நான்ஸ்டிக் வாணலி அளவுக்கு மீறிச் சூடாகும்போது வெளியாகும் ஆவி, சில நிமிடங்களில் சிறு பறவையைக் கொன்றுவிடக்கூடும். பறவையின் மூச்சு மண்டலம் நம்முடையதைவிடத் திறன்மிக்கது. காற்றுப் பைகளின் உதவியால் காற்று நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓடுகிறது. அதனால் நச்சும் விரைவில் உட்செல்கிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக் காற்றை அறிய 1986 வரை கேனரிப் பறவைகளைக் கொண்டுசென்றது இதனால்தான். கொசுவர்த்திச் சுருள், பீடி, சிகரெட், அடர்ந்த சாம்பிராணிப் புகை ஆகிய யாவும் கிளிக்குக் கேடு. நம் நுரையீரலுக்கும் அவை கேடுதான். கிளிக்காகப் புகையை விட்டொழித்த வீட்டில் தாத்தாவும் நன்றாக மூச்சு விடுவார்.

நோயை மறைப்பது பறவையின் இயல்பு. இறகைச் சிலிர்த்து உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் அமர்ந்திருந்தால், இரை எடுக்காவிட்டால், மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடினால், தாமதிக்கலாகாது. கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி செயல்பட்டு வருகிறது. ஆகவே நம் பகுதியினர் பறவைக்கு மருத்துவ உதவி தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. 

அந்த அம்மாவுக்குச் சொன்ன விடை

இனிச் செம்மேட்டுப் பெரியவரின் வீட்டுக்கு வருவோம். அந்த அம்மாவின் கேள்விக்கு உடனே விடை சொல்லாமல், நான் திருப்பிச் சில கேள்விகள் கேட்டேன். என்ன கிளி? நீலமும் மஞ்சளுமாக இரண்டு “லவ் பேர்ட்ஸ்”. கூண்டு எங்கே தொங்குகிறது? அவர் கட்டிலின் தலைமாட்டில். யார் சுத்தம் செய்கிறார்? அவரேதான். கிளி வருவதற்கு முன்பு மூச்சுத் தொல்லை இருந்ததா? எட்டு ஆண்டுகளாக இருக்கிறது; கிளி வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கினாரே, அப்போது மூச்சு எப்படி? அங்கும் இதே போலத்தான். ஸ்கேன் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வாமை அழற்சிக்கான அடையாளம் எதுவும் அதில் இல்லை.

“வைத்துக்கொள்ளலாம்” என்றேன். கூடவே மூன்று நிபந்தனைகள்: கூண்டு கட்டிலை விட்டு முன்கூடத்துக்குப் போக வேண்டும், அதைச் சுத்தம் செய்வது பேரனின் வேலை, இருமல் கூடினாலோ மூச்சு குறைந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும்.

மாசியில் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். பெரியவரின் மூச்சு முன்பைவிட நன்றாக இருந்தது. உதடுகளைக் குவித்து மெல்ல ஊதி மூச்சை வெளிவிடும் பயிற்சியை மருத்துவமனையில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். காற்று உள்ளே அடைபட்டுத் தேங்குவதைக் குறைக்க உதவும் எளிய பயிற்சி அது. எங்கள் கண்முன்னே ஒருமுறைகூட மனமுவந்து செய்யாதவர் அவர். வீட்டில் செய்கிறாரா என்று கேட்டேன். அவர் பேசாமல் சிரித்தார். அந்த அம்மாதான் சொன்னார்:

“காலையில கூண்டுக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டுக் கிளிக்கு ஊதி ஊதிக் காட்டறாருங்க. அதுங்களும் இவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதுங்க.”

பீடியையும் விட்டுவிட்டாராம். கிளிக்கு ஆகாது என்று பேரன் சொன்னானாம். நான் பலமுறை சொன்னதுதான். என் சொல்லுக்கு இல்லாத வலிமை அந்த முப்பது கிராம் உயிருக்கு இருந்திருக்கிறது.

எல்லா வீடுகளிலும் விடை இதுவாகவே இருக்கும் என்று நான் உறுதியளிக்க முடியாது. ஒருவருக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும், இன்னொருவருக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் சொல்ல நேரும். எதைச் சொல்வதற்கும் எங்களுக்குச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டையும் பழைய ஸ்கேன் படங்களையும் எடுத்து வருவதோடு, வீட்டில் என்ன பறவை உண்டு, கூண்டு எங்கே தொங்குகிறது, யார் சுத்தம் செய்கிறார் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். கதவு வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை, முதலிலேயே சொல்லிவிடலாம்.